சாயம் பூசும் முன் அடித்தளத்தைப் பாருங்கள்: பாலத்தின் நூற்றாண்டு விழாக் குழுவுக்குத் திறந்த மடல்

பெறுநர்: ஆற்றுப் பாலத்தின் நூற்றாண்டு விழாக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள பொறியாளர்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு,

விழாவுக்காக நீங்கள் ஒப்புதல் கொடுத்திருக்கும் வேலைகளின் பட்டியலைப் படித்தேன். கைப்பிடிச் சுவருக்கு மூன்று நிறத்தில் எனாமல் பெயிண்ட். ஒவ்வொரு வளைவின் நெற்றியிலும் வண்ண விளக்கு. இரண்டு முனையிலும் தோரண வாயில். நடுவில் செல்ஃபி எடுக்க மேடை. கடைசியாக, விழாவுக்கு வருகிற பெருமக்களின் பெயர் பொறித்த கருங்கல் பலகை. அடித்தளம் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பட்டியலை இரண்டு முறை தேடிவிட்டேன். இல்லை. மழைநீர் வடிகிற துளைகள், தூண்களைச் சுற்றி அரித்துப்போன மணல், கைப்பிடிச் சுவரைப் பிளந்துகொண்டு வளரும் அரசமரம், எதுவும் இல்லை.

இதற்கிடையில் மூன்றாவது கண்ணில், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே நீர் போகிற மூன்றாவது திறப்பில், வேலையும் தொடங்கிவிட்டது. விளக்குக்கு கிளாம்ப் மாட்ட, வளைவின் செங்கல்லில் டிரில்லிங் மெஷின் வைத்து வரிசையாகத் துளை போடுகிறார்கள். இதை நிறுத்தச் சொல்லித்தான் முதலில் எழுதுகிறேன். மற்றவை அதற்குப் பிறகு.

இந்தப் பாலத்தின் மேல் சாலை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலத்தில் கயிறு கட்டிக் கீழே இறங்கி வெள்ள மட்டம் குறித்தவர்களில் ஒருவன். பாலத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. தவிர, தமிழ்நாட்டில் பழைய ஆற்றுப் பாலம் உள்ள எந்த ஊரின் பெயரை இங்கே போட்டாலும் இந்த மடலில் பெரிய திருத்தம் தேவைப்படாது.

இந்தப் பாலம் எப்படி நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் பொறியாளர் அல்லாதவர்களும் இருக்கிறீர்கள். ஒன்பது கண், செங்கல் வளைவுகள், கருங்கல் தூண்கள், சுண்ணாம்புக் காரை. வளைவுக்குள் இரும்புக் கம்பி கிடையாது. ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை நெருக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வளைவு வழியே வழிந்து தூணுக்கு வருகிறது, தூணிலிருந்து மணலுக்குள் புதைந்த கிணற்று அடித்தளத்துக்கு இறங்குகிறது. மேலே பாரம் ஏற ஏற நெருக்கம்தான் கூடும். துருப்பிடிக்க உள்ளே ஒன்றுமில்லை என்பதால் இத்தனை ஆண்டு நின்றது. இப்படிப்பட்ட பாலத்துக்கு உண்மையான எதிரிகள் இரண்டு. ஒன்று, வளைவுக்கு மேலே நிரப்பிய மண்ணுக்குள் இறங்கி வடிய வழியில்லாமல் தேங்குகிற நீர். இன்னொன்று, தூணின் காலடியில் மணலை அரித்துக்கொண்டு ஓடுகிற நீர்.

முதல் எதிரிக்காகத்தான் கட்டியவர்கள் வடிகால் துளைகள் வைத்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் இன்று தார் மூடிக்கிடக்கிறது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இடுப்புக்கு மேல் இருந்த கைப்பிடிச் சுவர் இன்று தொடையளவுதான் இருக்கிறது. சுவர் குள்ளமாகவில்லை, சாலைதான் உயர்ந்திருக்கிறது. 30 சென்டிமீட்டர் கனத்துக்குத் தார் ஏறினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ கூடுதல் பாரம். வளைவு அதைத் தாங்கக்கூடும். தாங்குமா என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா என்பதே என் கேள்வி. சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளை தடுமாறினால் தொடையளவுச் சுவர் எதைத் தடுக்கும் என்பது அடுத்த கேள்வி.

இப்போது பெயிண்ட். செங்கல்லும் சுண்ணாம்பும் நீரை உள்வாங்கி, வெயிலில் வெளியே விடும். அதன் மேல் எனாமல் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லின் முகத்தைப் பொரிப்பொரியாக உதிர்க்கும். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தில் சிமென்ட் பூசினாலும் இதே கதைதான். இதைவிட மோசமான கேடு ஒன்று உண்டு. மழைக்கு முன்னும் பின்னும் வளைவின் அடிவயிற்றைப் பார்க்கிறவன் தேடுவது மயிரிழை விரிசலைத்தான். சென்ற ஆண்டு இல்லாத விரிசல் இந்த ஆண்டு வந்திருக்கிறதா, இருந்தது நீண்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பான். மூன்று நிறத்தில் பளபளவென்று பூசிவிட்ட பிறகு அவன் எதைப் பார்ப்பான்? நான்காவது தூணில், வெள்ளம் எட்டிய மட்டத்தை ஆண்டோடு கல்லில் கொத்திவைத்திருந்தார்கள். ஆற்றின் நினைவு அந்த ஒரு கல்லில்தான் இருந்தது. போன மாதம் அதன் மேலும் பிரைமர் அடித்துவிட்டார்கள். நூற்றாண்டு விழாவின் முதல் சாதனையாக அதை வைத்துக்கொள்ளலாம்.

நான் மிகைப்படுத்துவதாக உங்களுக்குத் தோன்றலாம். குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் மச்சு ஆற்றின் மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொங்குபாலம் ஒன்று இருந்தது. ஊரின் பெருமை, சுற்றுலா இடம். பழுதுபார்த்துவிட்டோம் என்று சொல்லி 2022 அக்டோபர் 26 அன்று மறுபடி திறந்தார்கள். 30 அன்று அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். விசாரித்த சிறப்புக் குழு சொன்னது இது: முதன்மைக் கேபிள் ஒன்றில் இருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்து, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும். நடைதளத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், கேபிளை மாற்றவில்லை. மக்கள் கண்ணில் படுகிற பகுதிக்குச் செலவழித்து, பாலத்தைத் தாங்குகிற பகுதியை அப்படியே விட்டிருந்தார்கள். நம் பாலம் தொங்குபாலம் இல்லைதான். ஆனால் உங்கள் பட்டியலை எழுதிய மனநிலை அதேதான் என்று அஞ்சுகிறேன்.

பாலத்தைக் கொண்டாடவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. கொண்டாட வேண்டும். கோயிலுக்கும் கோட்டைக்கும் கொடுக்கிற மரியாதையைப் பாலத்துக்கு நாம் கொடுத்ததே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். எதைக் கொண்டாடுவது என்பதில்தான் உங்களோடு வேறுபடுகிறேன்.

திருநெல்வேலியில் தாமிரபரணியின் மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1843-ல் திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் போட்டுக் கட்டினார். அந்தக் காலத்து அரை லட்சம். மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். கொடை கொடுத்தவர் பெயர் பாலத்துக்கே பெயராக நின்றுவிட்டது, அது நியாயமும்கூட. ஆனால் அதை வடிவமைத்த டபிள்யூ. எச். ஹார்ஸ்லி என்ற பெயரைத் தினமும் பாலத்தைக் கடக்கிறவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பதினொரு வளைவு, ஒவ்வொன்றும் 60 அடி. மொத்த நீளம் 760 அடி. பெருக்கிக் கழித்துப் பாருங்கள்: வளைவுகளுக்கு 660 அடி போனால், இடையில் நிற்கும் பத்துத் தூண்களுக்கு மிஞ்சுவது 100 அடி. வெள்ளம் போக இவ்வளவு வழி, வெள்ளத்தைத் தாங்க இவ்வளவு கனம் என்று தாமிரபரணியோடு ஒருவர் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு முழுவதும் சரியாகவும் இல்லை. 1869 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது, 1871-ல் செப்பனிட்டார்கள். பிறகு அகலப்படுத்தினார்கள். பொறியியல் வரலாறு என்று நான் சொல்வது இதைத்தான். கணக்கு, அதில் விழுந்த அடி, அடிக்குப் பிறகு போட்ட கணக்கு.

இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலிப் பாலம் லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். ஜான் ரென்னி வடிவமைத்து, 1817-ல் திறந்த பாலம் அது. தேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த பழைய லண்டன் பாலத்தை இடித்ததும் நீரோட்டம் வேகமெடுத்தது. வாட்டர்லூ பாலத்தின் தூண்களுக்கு அடியில் மண் அரித்தது. 1920-களில் தூண் இறங்கத் தொடங்கியது, அடுத்த பத்தாண்டில் பாலத்தையே இடித்துவிட்டார்கள். மூலப்பாலம் போய்விட்டது, அதைப் பார்த்துக் கட்டிய நெல்லைப் பாலத்தில் இன்றும் பேருந்து ஓடுகிறது. இந்தச் செய்தியை எந்த ஊர்க்காரரிடம் சொன்னாலும் நின்று கேட்பார். சொல்வதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

உங்கள் பட்டியலில் உள்ள கருங்கல் பலகைக்கு வருகிறேன். சென்னையில் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் மறைமலை அடிகள் பாலம் இருக்கிற இடத்தில், 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் ஒரு பாலம் கட்டினார். 30,000 வராகன் செலவு, வராகன் என்பது அந்தக் காலத்துப் பொற்காசு. அதோடு அவர் நிறுத்தவில்லை. பாலத்தைப் பராமரிக்க 1,500 வராகன் தனியாக ஒதுக்கிவைத்தார். கட்டுகிறபோதே பராமரிப்புக்கும் பணம் வைத்த அந்த வணிகரின் புத்தி, 300 ஆண்டு கழிந்தும் நமக்கு வரவில்லை. 1960-களில் அந்தப் பாலம் போய்ப் புதுப் பாலம் வந்தது. பாரசீகத்திலும் ஆர்மீனியத்திலும் லத்தீனிலும் எழுதிய கல்வெட்டு மட்டும் மிஞ்சி, சாலையோரத்தில் பல காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. பாலம் இல்லாத பலகைக்கு என்ன கதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நீங்கள் வைக்கப்போகும் பலகையில் விழாவுக்கு வந்தவர்கள் பெயர்தான் இருக்கப்போகிறது, உஸ்கான் கல்லில் இருந்த அளவுக்குக்கூடப் பாலத்தைப் பற்றி எதுவும் இருக்காது.

சென்னை நேப்பியர் பாலத்துக்கு 2022-ல் செஸ் ஒலிம்பியாட் சமயத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். ஊரே படம் எடுத்தது. நானும் ரசித்தேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். கான்கிரீட்டுக்குப் பெயிண்ட் பெரிய கேடில்லை. ஆனால் படம் எடுத்த அத்தனை பேரில் ஒருவருக்காவது, வளைவுகள் ஏன் சாலைக்குக் கீழே இல்லாமல் மேலே நிற்கின்றன என்று சொல்ல ஒரு சிறு பலகை அங்கே இருந்திருக்கலாம். கூவம் கடலில் சேருகிற இடம், சாலைக்கும் நீருக்கும் இடையே உயரம் குறைவு. வளைவைக் கீழே வைக்க இடமில்லை, அதனால் மேலே தூக்கினார்கள். வில்லின் இரு முனையும் விரிந்துகொள்ளாமல் நாண் பிடிப்பதுபோல, வளைவின் இரண்டு காலையும் சாலை மட்டத்தில் ஓடும் இழுப்பு உத்திரம் பிடித்துக்கொள்கிறது. அதனால் தூணின் மேல் பக்கவாட்டுத் தள்ளல் விழாது. இவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். இதை எழுத நான்கு வரி போதும், அந்த நான்கு வரிக்குத்தான் எந்த விழாவிலும் இடம் கிடைப்பதில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு நெஞ்சு கொதிக்கிற விஷயம்.

நம் பாலத்தின் பழைய வரைபடங்கள் துணியில் ஒட்டியவை. நீல மையும் சிவப்பு மையும் கொண்டு கையால் வரைந்தவை. அவற்றோடு, கட்டும்போது எழுதிய அளவுப் புத்தகங்களும் ஒரு அலமாரியில் இருந்தன. எந்தக் கிணறு எந்த நாளில் எவ்வளவு இறங்கியது, எங்கே பாறை தட்டியது, எந்தக் கிணறு சாய்ந்தது, எப்படி நிமிர்த்தினார்கள் எல்லாம் அதில் உண்டு. அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது அந்த அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய பேப்பர் எடுக்கிறவரின் தராசில் அவை ஏறியதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். தடுக்கப் போன எங்களுக்குக் கிடைத்த பதில், "பாலம் நின்னுட்டுதானே இருக்கு, பிளான் எதுக்கு?" என்பது. எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று எழுதி இப்போது ஆவதொன்றுமில்லை. ஆனால் உங்கள் விழா மலரில் பாலத்தின் வரலாறு என்று ஒரு பக்கம் வருமானால், அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

கிணறு இறக்குவது என்றால் என்ன என்று இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆற்று மணலில் கூர்விளிம்பு கொண்ட ஒரு வளையத்தை வைப்பார்கள். அதன் மேல் வட்டமாகச் சுவர் எழுப்புவார்கள். உள்ளே மணலைத் தோண்டித் தோண்டி வெளியே எடுக்க, சுவர் தன் எடையில் தானே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே சுவரை உயர்த்துவார்கள். ஒரு பக்கம் பாறையோ மரத்துண்டோ தட்டிவிட்டால் கிணறு சாயும். உயர்ந்து நிற்கிற பக்கம் கூடுதலாகத் தோண்டி, அந்தப் பக்கமே பாரம் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். கெட்டித் தரை வந்ததும் அடியை அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, மேலே மூடி போட்டு, அதன் மேல் தூண் எழும். கலங்கிய நீருக்குள் முங்கிப்போய்க் கையால் தடவிப் பார்த்தே பாறையை வெட்டியிருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அப்படி முங்கியவரின் மகன் ஒருவர் எங்கள் கேங்கில் இருந்தார். அப்பாவுக்குக் காது கேட்காமல் போனதே அந்த வேலையில்தான் என்பார். பாலத்தின் மிக முக்கியமான பகுதி யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது, அதைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கட்டும்போது வளைவைத் தாங்கிய சாரத்தைப் பிரிக்கிற நாளில் பாலத்துக்கு அடியில் யார் நின்றார்கள் என்பதும் எழுதப்படவில்லை. அந்த நாள்தான் பாலத்துக்கு உண்மையான திறப்பு விழா. ரிப்பன் வெட்டியவர் பெயர் மட்டும் எப்போதும் தப்பாமல் இருக்கிறது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் நினைப்பது எனக்குக் கேட்கிறது: "பக்கத்தில் புதுப் பாலம் வரப்போகிறது, பழையதை எவ்வளவு நாள் கட்டிக்கொண்டு அழுவது?" நல்ல கேள்வி. பழையது என்பதற்காகவே ஒரு பாலத்தின் மேல் லாரி ஓட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 2016 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் மகாடு அருகே சாவித்திரி ஆற்றின் மேல் ஆங்கிலேயர் காலத்து வளைவுப் பாலம் இரவு வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டது, அதோடு பேருந்துகளும் போயின. அதற்குப் பிறகுதான் தேசிய நெடுஞ்சாலைப் பாலங்கள் அனைத்துக்கும் எண் கொடுத்து நிலையைப் பதிவுசெய்யும் முறையை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. பாதுகாப்பு முதலில், சந்தேகமே இல்லை. பாரம் குறைக்க வேண்டுமானால் குறையுங்கள், வண்டிகளை நிறுத்த வேண்டுமானால் நிறுத்துங்கள். ஆனால் வண்டியை நிறுத்துவது வேறு, கைகழுவுவது வேறு.

திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய இரும்புப் பாலத்துக்கு நடந்தது கைகழுவல். பக்கத்தில் புதுப் பாலம் வந்தது, 2016-ல் பழையதில் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்து ஆற்றில் விழுந்தன. மணல் அள்ளியதுதான் காரணம் என்று ஊர் பேசியது. அதன் பிறகு இடித்தெடுக்க முடிவு செய்தார்கள். போக்குவரத்து நின்ற அன்றே பாலம் எல்லாருடைய பொறுப்பிலிருந்தும் நழுவிவிட்டது என்பதுதான் இதில் எனக்குப் படுகிற பாடம். அகமதாபாத்தில் சபர்மதி மேல் 1892-ல் கட்டிய எல்லிஸ் பாலத்துக்குச் செய்தது வேறு. அதன் இரண்டு பக்கமும் புதுப் பாலங்களைக் கட்டிப் போக்குவரத்தை அங்கே மாற்றினார்கள், பழைய இரும்பு வளைவுகள் நடுவில் நிற்கின்றன. அதைக் கட்டிய பொறியாளர் ஹிம்மத்லால் தீரஜ்ராம் பச்சேச் மதிப்பீட்டைவிடக் குறைந்த செலவில் முடித்ததால், தரத்தில் குறை வைத்தாரோ என்று அரசு சந்தேகப்பட்டு விசாரித்தது. தரம் நன்றாகவே இருக்கிறது என்று தெரிந்து பட்டம் கொடுத்தார்கள். (இன்றைக்கு மதிப்பீட்டுக்குக் குறைவாக முடித்தால் விசாரணை வருமோ இல்லையோ, ஆச்சரியம் நிச்சயம் வரும்.) நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்குபாலம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கிறது, மக்கள் நடந்து போகிறார்கள். செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற நம் ஆட்கள் எத்தனையோ பேர் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சட்டத்தைக் காட்டி யாரும் என்னை மடக்கவும் வேண்டாம். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி குறைந்தது 100 ஆண்டு ஆகியிருந்தால்தான் ஒரு கட்டுமானம் பாதுகாக்கப்படும் சின்னம் ஆகலாம். அந்த வயதை நம் பாலம் தாண்டிவிட்டது. ஆனால் வயது ஒன்றையே அளவுகோலாகப் பிடித்தால் பாம்பன் சாலைப் பாலம் 2088 வரை காத்திருக்க வேண்டும். 1974-ல் அடிக்கல், 1988 அக்டோபர் 2-ல் திறப்பு, நடுவில் 14 ஆண்டுகள் கடலோடும் காற்றோடும் மல்லுக்கட்டு. அதுவரை ராமேஸ்வரத்துக்குத் தரை வழியாகப் போக ரயில் ஒன்றுதான். உப்புக்காற்றில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கான்கிரீட் பாலம் எழுப்பிய அனுபவத்தை, அதில் வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டாமா? கேட்க ஆளில்லாமல் போன பிறகு அதைப் பாரம்பரியம் என்று அறிவித்து என்ன பயன்?

ஆகவே நான் கேட்பவை இவை.

வளைவுகளில் துளையிடுவதை இன்றே நிறுத்துங்கள். போட்ட துளைகளைச் சிமென்ட் வைத்து அடைக்காமல் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். விளக்கு கட்டியே தீர வேண்டுமானால் கரையில் கம்பம் நட்டு அங்கிருந்து அடியுங்கள், பாலத்தின் உடம்பைத் தொடாதீர்கள்.

எனாமல் பெயிண்ட் வேலையை ரத்து செய்யுங்கள். வெள்ள மட்டக் கல்லின் மேல் அடித்த பிரைமரை, கல்லைச் செதுக்காமல், தெரிந்த ஆளை வைத்து அகற்றுங்கள்.

விழா நிதியிலிருந்து முதல் செலவு மூன்று வேலைகளுக்குப் போகட்டும். அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு தூணின் காலடியையும் நீருக்குள் இறங்கிச் சோதித்து அரிப்பின் ஆழத்தை அளக்க வேண்டும். அடுக்கடுக்கான தாரைச் சுரண்டி எடுத்துப் பழைய சாலை மட்டத்தைக் கொண்டுவந்து வடிகால் துளைகளைத் திறக்க வேண்டும். அரசமரத்தை மேலே வெட்டிவிட்டுப் போகாமல் வேரோடு எடுத்து, வேர் போன இடத்தைக் காரையால் நிரப்ப வேண்டும். பணம் மிஞ்சினால் தோரண வாயிலைப் பற்றிப் பேசலாம். பாலத்தின் இரு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்கு மணல் அள்ளத் தடை இருக்கிறது என்றால், அந்த எல்லையைக் கல் நட்டுக் காட்டுங்கள்.

பலகையில் கட்டிய ஆண்டு, கண்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு கண்ணின் அகலம், அடித்தளத்தின் வகையும் ஆழமும், எந்த ஆண்டு எந்த வெள்ளம் எந்த மட்டம், எந்த ஆண்டு என்ன பழுது பார்த்தது என்று பொறியுங்கள். வடிவமைத்தவர், மேற்பார்வை பார்த்தவர், மேஸ்திரி, கிணறு இறக்கியவர்கள் என எத்தனை பெயர் கிடைக்குமோ அத்தனையும் வேண்டும். கிடைக்காத இடத்தில் வெற்றிடம் விடுங்கள், பின்னால் கிடைத்தால் பொறிக்கலாம். விழாவுக்கு வருகிறவர்களின் பெயரை அழைப்பிதழோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் கோப்புகள், அளவுப் புத்தகங்கள், படங்கள் எங்கெங்கே இருந்தாலும் திரட்டி, ஸ்கேன் செய்து, மாவட்ட நூலகத்தில் யாரும் பார்க்கும்படி வையுங்கள். வரைபடம் கிடைக்காத இடத்துக்கு, பொறியியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு பாலத்தை அளந்து புதிதாக வரையச் செய்யுங்கள். அவர்களுக்கும் அது நல்ல பாடம். பாலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாலைப் பணியாளர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யுங்கள். வயதைப் பார்த்தால் இதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் இல்லை. ஆட்களை ஒருங்கிணைக்க நான் கூலி கேட்காமல் வருகிறேன்.

புதுப் பாலம் வந்த பிறகு பழைய பாலத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று எழுத்தில் அறிவியுங்கள். அதைப் பராமரிக்கப் போவது யார், ஆண்டுக்கு எவ்வளவு தொகை, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து என்பதையும் அதே அறிவிப்பில் குறியுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இடிக்க நேர்ந்தால், அளந்து வரைந்து படம் எடுத்து முடிக்காமல் ஒரு கல்லைக்கூடப் பெயர்ப்பதில்லை என்ற விதியையும் சேருங்கள்.

விழாக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு, எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை விழாத் தேதிக்கு முன்பே எழுத்தில் வெளியிட வேண்டும். கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். மூன்றாவது கண்ணின் அடியில், துளைகள் இருக்கும் இடத்திலேயே நின்று பேசலாம் என்றாலும் சம்மதம்.

இப்படிக்கு,
பாலத்தில் பணிசெய்து ஓய்வு பெற்ற சாலை ஆய்வாளர்